சரணடை: எடுத்துக்காட்டு தேவை

அகராதி அலுவலகத்தில் ஒரு கறாரான சட்டம் உண்டு. எந்தச் சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம், யாராவது வாயைத் திறந்து பேசியதாக இருக்க வேண்டும். சொந்தச் சரக்கு கூடாது. ‘சரணடை’ என்ற சொல்லுக்கு அகராதிக்காரர் எழுதிய ‘எதிரிப் படை சரணடைந்தது’ போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

“எந்தப் படை சார் உங்க காது கேக்க சரணடைஞ்சது?” என்றார் பதிப்பாசிரியர் அம்மா. “வீட்ல பேசுறப்ப கவனிங்க. அங்கதான் இந்த வார்த்தைக்கு வேலை ஜாஸ்தி.”

வீட்டில் இப்போது வாய் திறப்பது ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்பதை அகராதிக்காரர் சொல்லவில்லை.

மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். படுக்கையறை ஜன்னல். அவளுக்கு அது திறந்திருந்தால்தான் மூச்சு. அவருக்கு மூடியிருந்தால்தான் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த வழக்கை, ஒருநாள் ஜன்னல் கொக்கியில் கம்பியைச் சுற்றி முறுக்கி அவரே முடித்துவைத்தார். அவள் பையை எடுத்தாள். முழு வெற்றி. வெற்றி பெற்றவர் அன்றிலிருந்து மூடிய அறையில் ஜம்மென்று, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

சாயங்காலம், எடுத்துக்காட்டு எழுத வேண்டிய வெற்று அட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தார். ‘நான் தோத்துட்டேன்’ என்று சுவரிடம் சொல்லிப் பார்த்தார். சுவர் கண்டுகொள்ளவில்லை. தோற்க ஒரு ஆள் போதும். சரணடைய எதிரே இன்னொருவர் வேண்டியிருக்கிறது. சொல்லுக்குப் பொருள் எழுதியே பிழைத்தவருக்கு இது இப்போதுதான் உறைத்தது.

போன் போட்டார்.

“சாப்ட்டீங்களா?” என்றாள் மனைவி.

“ஆச்சு. ஜன்னல் திறந்துதான் இருக்கு.”

“பொய். தெருச் சத்தமே கேக்கல.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிரித்தார். விரலைக் கீறியது. ஜன்னல் கதவைத் தள்ளியதும் பஸ் ஹாரனும், யாரோ யாரையோ திட்டுவதும் முழுசாக உள்ளே வந்து விழுந்தன.

“இப்ப?”

“கேக்குது.”

“நான் சரண்டர்.”

அந்தப் பக்கம் அவள் தெருவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் போல.

“போன்ல சரணடைஞ்சா செல்லாது. நேர்ல வாங்க. அக்காவும் கேக்கணும்.”

“உங்க அக்கா எதுக்கு?”

“சாட்சிக்கு.”

கேலியா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அட்டையை எழுதாமலே போட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, வாசற்கதவைப் பூட்டினார். பாதிப் படியில் ஜன்னல் ஞாபகம் வந்தது. மழை பெய்தால் மெத்தை நனையும்.

நனையட்டும் என்று இறங்கினார்.