ஆர்லனின் பத்து நிமிஷம்

ஆர்லன் உன்ரூ "பத்து நிமிஷம்" என்று சொன்னால் அவருடைய ஆட்கள் நிதானமாகச் சாப்பிடப் போவார்கள். "அரை மணி" என்றால் துணி துவைத்துக் காயப் போடலாம். "நாளைக்குள்ள முடிச்சிடலாம்" என்று அவர் சொன்ன ஒரே ஒரு தடவை ஓக்லஹோமாவில் ஒரு வாரம் கன்னத்தில் கைவைத்து உட்கார வேண்டியிருந்தது. பொய் சொல்லும் மனிதர் இல்லை. கையில் ஸ்பேனர் வந்துவிட்டால் எந்த வேலையும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது என்று மனதார நம்புகிறவர், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக அந்த நம்பிக்கையோடு குடும்பம் நடத்தும் லவோனுக்கு இதெல்லாம் அத்துபடி.

கோதுமை தெற்கிலிருந்து வடக்காகப் பழுக்கப் பழுக்க, இவர்களும் மே மாதம் கான்சாஸ் வீட்டிலிருந்து தெற்கே இறங்கி, அங்கிருந்து வடக்காக ஊர் ஊராக அடுத்தவர் வயலை அறுத்துக்கொண்டே போவார்கள். ஜூலைக் கடைசியில் தெற்கு டகோட்டா. அங்கே பத்தொன்பது வருஷமாக இவர்கள் அறுப்பது மைலோ என்பவரின் நிலம். அடுத்த வருஷம் இவர்கள் வரும் தேதியை மைலோ தன் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஆர்லன் சொல்லும் தேதியை எப்படியும் மூன்று தடவை அழித்து எழுத வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று பகல் ஒரு மணிக்கு, இன்னும் நூற்றெண்பது ஏக்கர் பாக்கி இருக்கும்போது, ஆர்லன் ஓட்டிய அறுவடை மிஷினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. ஏழு மணிக்கு ஆலங்கட்டி மழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒரு பேரிங் போயிடுச்சு," என்று வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் ஆர்லனின் குரல் உற்சாகமாக வந்தது. "பத்து நிமிஷம்!"

"அப்போ நான் ஒரு தூக்கம் போடட்டுமா, முதலாளி?" என்றான் இன்னொரு மிஷினை ஓட்டிய ரியான்.

"நீ வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா."

தீய்ந்த பேரிங்கைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, புதிது வாங்கிவர லவோன் பிக்கப் வண்டியில் ஏறினாள். டவுன் ஐம்பது மைல். சாவியைத் திருகப் போகும்போது ரேடியோவில் மைலோ வந்தார்.

"ஏம்ப்பா ஆர்லன், நிஜமா எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்தே நிமிஷம்ணே!"

மைலோ உடனே ஆளை மாற்றினார்: "லவோன், நீ சொல்லும்மா."

அவள் கை சாவியிலேயே நின்றது. சாலைக்கு எதிர்ப்புறம் ரெக்ஸ் கூபிக் என்ற இன்னொரு அறுவடைக்காரர், எடுத்த வேலையை முடித்துவிட்டு, இரண்டு மிஷின்களோடு சும்மா உட்கார்ந்திருந்தார். போன வருஷம் கொலராடோவில் இதேபோல் மிஷின் நின்ற ஒருநாள், ஒத்தாசைக்கு என்று வந்தவர் அவர்தான். இந்த வருஷம் அந்த நிலத்துக்காரர் இவர்களைக் கூப்பிடவே இல்லை. மைலோவும் போய்விட்டால் அதற்கு வடக்கே இவர்களுக்கு என்று ஒரு வயல்கூடக் கிடையாது. பத்து நிமிஷம் என்று இவளும் சொன்னால் மைலோ நம்பிவிடுவார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணி ஆயிடும்ணே," என்றாள். "போய்ட்டு வரவே ரெண்டு மணி நேரம். ஷாஃப்டும் சூட்டுல கறுத்திருக்கு, தேய்ச்சுத்தான் மாட்டணும். மழைக்குள்ள முடியாது, அறுபது ஏக்கர் அறுக்காம நின்னுடும்." சாவியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "கூபிக்கைக் கூப்பிடுங்க."

ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வழியெல்லாம் லவோன் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர், "ஆர்லன் பத்து நிமிஷம்னு சொல்லியிருப்பாரே?" என்று சிரித்தார். வழக்கமாக அவளும் சேர்ந்து சிரிப்பாள். இன்று முடியவில்லை.

மூன்றேகாலுக்குத் திரும்பியபோது கூபிக்கின் மிஷின்கள் வயலில் இறங்கியிருந்தன. ஆர்லன் மிஷினுக்கு அடியில் படுத்திருந்தார். முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டினார். அவள் பேரிங்கை அதில் வைத்தாள்.

"சொல்லிட்டியேடி, எல்லாரும் கேக்க," என்றார், பேரிங்கைத் துடைத்துக்கொண்டே.

"எல்லாரும் கேக்கத்தானே நீங்களும் பத்து நிமிஷம்னீங்க?"

"புருஷனுக்காக ஒரே ஒரு தடவை ஒத்து ஊதினா என்னவாம்?"

"ஊதியிருப்பேங்க. மைலோ அண்ணனோட அறுபது ஏக்கர் நாசமாப் போயிருக்கும்."

"அந்தப் பெரிய ஸ்பேனரை எடு," என்று அடியிலிருந்து கை நீண்டது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிஷின் உறுமிக் கிளம்பியது. ஆர்லன் முகத்தைத் துடைக்கிறேன் என்று கிரீஸை இன்னும் நன்றாகப் பூசிக்கொண்டு, வாட்சை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா? நீ சொன்னதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே! என் பத்து நிமிஷம் எங்கேயும் போகல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, அந்த மனிதரைத்தானே கட்டிக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் கடைசிக் கோதுமையும் லாரி ஏறியது. ஏழுக்கு வருவதாகச் சொன்ன மழை ஆறரைக்கே வந்து, கதிர் அறுத்த வெறும் தாளின் மேல் ஆலங்கட்டியைக் கொட்டியது. எல்லோரும் மைலோவின் கொட்டகையில் ஒதுங்கினார்கள். லவோன் கறியும் கோசும் அடைத்த பன்களைத் தட்டோடு நீட்டினாள். கூபிக் நான்காவதை எடுத்ததை ஆர்லன் எண்ணிக்கொண்டிருந்தார்.

மைலோ கதவிலிருந்த பழைய தேதியைச் சட்டைக் கையால் அழித்தார். கையில் சாக்பீஸோடு அவர் யார் பக்கம் திரும்புவார் என்று லவோன் தட்டைப் பிடித்தபடியே பார்த்தாள்.

"ஆர்லன், அடுத்த வருஷம் என்னைக்குப்பா வர்றீங்க?"

கூபிக் மெல்லுவதை நிறுத்தினார். ஆர்லன் வாயைத் திறந்தார். "ஜூலை ப..." என்று ஆரம்பித்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அவளைக் கேளுங்கண்ணே. அவ சொல்றதுதான் சரியா இருக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் இப்படிச் சொன்னதே இல்லை. தட்டை மூடுவதுபோல் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் லவோனால் பேச முடிந்தது.

"ஜூலை இருபத்தஞ்சுண்ணே."

மைலோ சாக்பீஸை டப்பாவில் போட்டார். விதை மூட்டையில் பெயர் எழுதும் மார்க்கர் பேனாவைத் தேடி எடுத்து, அழியாத மையில் தேதியை எழுதினார்.