இரண்டு கோர்டியல் போத்தல்

எங்கள் வீட்டில் கோர்டியல் சர்பத் முடிந்த போத்தலை எறிவது பாவம். கழுவி, ஊறவைத்து, ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டி, யன்னலோரம் கவிழ்த்துவிடுவேன். சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கும் என் தங்கை யோகராணியும் அப்படித்தான். பரம்பரைக் குணம், திருத்த முடியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலையில் என் மகள் துஷ்யந்திக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கிளென் வேவர்லியில் எங்களிடம் வந்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு இலை அவித்துத் தண்ணி வார்க்க வேண்டும். மெல்பேர்ண் குளிரில் வேம்புக்கு நான் எங்கே போவேன்? யோகராணி தன் வளவில் நின்ற வேம்பையும் ஆடாதோடையையும் மொட்டையடித்து, வற்றக் காய்ச்சி, ஒரு கோர்டியல் போத்தலில் அடைத்து ஆள்மூலம் அனுப்பினாள்.

அதே கிழமைதான் என் மனுசன் இந்திரகுமாருக்கு வீட்டுச் சூடாக்கியின் மேல் கரிசனை பிறந்தது. எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு இரும்பு ரேடியேட்டர். கொதிதண்ணி குழாய்வழியே அவற்றுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். அந்தத் தண்ணியில் துருத்தடுப்புத் திராவகம் கலக்காவிட்டால் இரும்பு உள்ளுக்குள் அரித்துப்போகுமாம்.

"பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. நடுக்குளிரில இது நிண்டுதெண்டால் என்ன செய்யிறது?" என்றார்.

பிளம்பர் சவரிமுத்து மலேசியாக்காரர். தன் பெரிய பிளாஸ்டிக் கானிலிருந்து ஒரு லீற்றர் தருவதாகச் சொன்னார். வாங்கிவர இவரிடம் வெற்றுக் கோர்டியல் போத்தல் கொடுத்தனுப்பியது நான். இரண்டு போத்தலும் உடுப்புத் தோய்க்கும் அறைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்குள்ளும் இருந்தது சாயம் கூடிய தேத்தண்ணி நிறம்.

தண்ணி வார்க்கிற நாள் காலை. சவரிமுத்து வந்து ஊற்றட்டும் என்று இவரிடம் சொன்னேன். கேட்டால்தானே.

"பாலம் கட்டின எஞ்சினியருக்கு இது ஒரு வேலையே?" என்று சொல்லி, கூடத்து ரேடியேட்டரின் மேல்மூடியைக் கழற்றி, புனல் வைத்து, தட்டில் கைக்கு எட்டின போத்தலை முழுவதும் ஊற்றிவிட்டு, பம்பை ஓடவிட்டார். நான் குசினியில் தண்ணி கொதிக்க வைத்து வாளியில் அளாவினேன். துஷ்யந்தி குளியலறையில் முக்காலியில் இருந்து நடுங்கினாள்.

"அம்மா, குளிருது, ஹரி அப்."

மற்றப் போத்தலின் மூடியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து இவர் கூப்பிட்டார்.

"இஞ்ச ஒருக்கா வாரும். உள்ள நிண்ட காத்தைத் திறந்துவிடப் போறன், கோப்பை பிடியும்."

புறுபுறுத்துக்கொண்டு, கையில் போத்தலோடேயே போனேன். சின்னச் சாவியால் ரேடியேட்டரின் முனையைத் திருகினார். உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு நாலு சொட்டு. கூடம் முழுக்க வேப்பிலை மணத்தது.

கையிலிருந்த போத்தலை மணந்து பார்த்தேன். இரும்புக்கடை மணம். இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தால் இதைத்தான் என் பிள்ளையின் தலையில் வார்த்திருப்பேன். தையல் கூட ஆறாத உடம்பு. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இவர் போத்தலை என் கையிலிருந்து மெல்ல எடுத்தார்.

அன்று துஷ்யந்தி வெறும் சுடுதண்ணியில் குளித்தாள். இலைத் தண்ணி முழுவதையும் ரேடியேட்டர் குடித்துவிட்டதே. வேப்பிலை மணம் பிடிக்காத அவளுக்கு அதில் கொள்ளைச் சந்தோசம்.

கூப்பிட்டதும் சவரிமுத்து ஒரு மணித்தியாலத்தில் வந்து, பழைய தண்ணியை இறக்கும்போது மூக்கைச் சுருக்கினார்.

"என்னாக்கா, புள்ள பெத்தது யாரு? இந்த ரேடியேட்டரா?"

அறைக்குள்ளிருந்து துஷ்யந்தி விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. சவரிமுத்து புதுத் தண்ணி நிரப்பி, சரியான திராவகத்தை ஊற்றினார். மத்தியானத்துக்குள் வீடு கணகணவென்று இருந்தது.

"ஏன்ணே, போத்தல்ல எழுதி ஒட்டலையா?" என்று கேட்டார்.

"பிழை என்னிலதான். மறந்திட்டன்," என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முதல்நாள் பின்னேரம் அந்த அறைத் தட்டைத் துடைக்கும்போது ஒரு போத்தலில் தாள் ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல், கைப்பழக்கத்தில் சுரண்டி எறிந்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயில் கொழுக்கட்டை.

பின்னேரம் இவர் போட்டிருந்த சேர்ட்டைத் தோய்க்க எடுத்தேன். பையில் சுருண்ட தாள் ஒன்று. இவருடைய உருண்டை எழுத்து: "சூடாக்கிக்கு மட்டும். ஆளில் படக்கூடாது." காலையில் சவரிமுத்து வருமுன்னமே என் குப்பைவாளிக்குள் இருந்து பொறுக்கியிருக்கிறார்.

பேத்தியை மடியில் வைத்திருந்தவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"சுரண்டினது நான்."

"தெரியும். கலியாணம் கட்டி முப்பது வரியத்தில நீர் சுரண்டாமல் விட்ட தாள் ஒண்டைக் காட்டும், பாப்பம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுசனை எவ்வளவு ஏசியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் தாள் சுரண்டுவதில்லை என்றால் அது பொய். ஆனால் இப்போது கண்ணாடியைப் போட்டு, வாசித்துவிட்டுத்தான் சுரண்டுகிறேன்.