துளையைப் பற்றி இரண்டு பக்கம்

1

இலக்கிய உலகுக்கு ஓர் அறிவிப்பு. நீண்ட காலமாக (என்னால்) எதிர்பார்க்கப்பட்ட, மௌனம் குறித்த என் மகத்தான கதை இத்துடன் தொடங்குகிறது. யாரும் எழுந்து நிற்கத் தேவையில்லை.

கதை பிறந்த இடம் எங்கள் வீட்டுக் கூடத்து பிளக் பாயின்ட். போன வருஷம் என் அக்காவுக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து டார்ச் லைட் போன்ற ஒரு சிறு கருவியைக் கழுத்தில் அழுத்தித்தான் பேசுகிறாள். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு இலக்கணப் பிழையில்லாமல் பேசினால் எப்படியோ, அப்படி ஒரு குரல். திங்கட்கிழமை அந்தக் கருவியின் சார்ஜர் பின் உடைந்தது. மிச்சமிருந்த சார்ஜ் அன்று மாலையே தீர்ந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு அவள் தன் மேலாளர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். காட்டினால் பழையபடி விசாரணை கவுன்ட்டர். இல்லையென்றால் பின்னறையில் கோப்புகளுக்கு எண் போட வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள்.

2

முதல் தொடக்கம்: 'மௌனம் என்பது—' (விட்டுவிட்டேன். மௌனம் என்பது என்ன என்று ஏற்கெனவே நிறையப் பேர் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'அந்தத் துளை, பிரபஞ்சத்தின் அடியாழத்து—' (கருவியில் சார்ஜர் பின் நுழைகிற துளைதான். இதை விடவில்லை. இரண்டு பக்கம் வந்தது.)

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு பக்கத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பின் வாங்க எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கருவியை எடுத்துப் போகவில்லை. துல்லியமான வர்ணனை கையில் இருக்கும்போது கருவி எதற்கு?

நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த மெக்கானிக் ஒரு பத்தி வரைக்கும் கேட்டார். பிறகு, துளை எத்தனை எம்.எம். என்றார். என் உரைநடையில் அந்தத் தகவல் இல்லை. தோராயமாக எடுத்துத் தருவதாகச் சொல்லி, பெட்டியைத் துழாவிக்கொண்டே கேட்டார்:

"மேலா?"

"இல்லீங்க, கீழ. அடியில இருக்கு."

பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "அப்ப ஃபீமேல்," என்று முணுமுணுத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் கவரில் போட்டார்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, வெட்கத்தால் மேலே ஏறி வந்துவிட்டது: கடைப் பாஷையில் நுழைகிற பின் 'மேல்', அதை வாங்கிக்கொள்கிற துளை 'ஃபீமேல்'. ஆணும் பெண்ணும். முப்பது வருஷமாகத் தமிழ் எழுதிப் பிழைப்பவனுக்கு மேல் என்றால் மேலேதான்.)

வீட்டில் பிரித்துப் பார்த்தால், இரண்டு துளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கும் ஒரு பத்தி எழுதினேன்.

அக்கா ஒரு சீட்டை நீட்டினாள்: 'கருவிய எடுத்துட்டுப் போகலியா?'

வர்ணனையின் வலிமை பற்றிச் சற்று விரிவாக விளக்கினேன். சீட்டைத் திரும்ப வாங்கி, கேள்விக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.

3

இந்தப் பாத்திரம் எனக்கு ஒத்துழைக்கவில்லை. மௌனத்தின் குறியீடு என்றால் ஜன்னலோரம் நின்று தொலைவை வெறிக்க வேண்டாமா? இவள் சீட்டு எழுதுகிறாள். மூன்றே வார்த்தை, அடித்தல் திருத்தல் கிடையாது. வீட்டில் என்னைவிட அவளுக்குத்தான் வாசகர்கள் அதிகம்.

இன்னொன்று. என் எழுத்தைப் பற்றி முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஆள் அவள். இந்த இரண்டு நாளில் நான் நிறைய எழு—

(இந்த வாக்கியம் போகிற திசை எனக்கே பிடிக்கவில்லை.)

முதல் பகுதியைப் படிக்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் எழுத்தை மட்டும் மாற்றினாள். 'பின் உடைந்தது' என்றிருந்ததில் 'ந்'-ஐ அடித்து 'த்' போட்டாள். உடைத்தது. ஓரத்தில்: 'யாரு?'

சரி. கூடத்தில் இருப்பது ஒரே பிளக் பாயின்ட். என் மடிக்கணினியில் சார்ஜ் குறைந்திருந்தது, கலை காத்திருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கருவியில் மாட்டியிருந்த அவள் வயரைப் பக்கவாட்டில் இழுத்தேன். 'டக்' என்றது. இரண்டு நாளாக ஒரு மெய்யெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

4

வாசகரே, இரண்டு முடிவுகள் தயார்.

(அ) பின் கிடைக்கிறது. அக்காவின் முதல் வார்த்தை, 'மன்னிச்சுட்டேன்டா.' வெளியே மழை.

(ஆ) பின் கிடைக்கவில்லை. மேலாளர் முன் மௌனமாக நிற்கிறாள். அந்த மௌனம் அலுவலகத்தையே உலுக்குகிறது.

எனக்கு (ஆ)தான் பிடித்திருந்தது. பரிசு வாசனை அடித்தது.

புதன்கிழமை காலை நான் இதை எடைபோட்டுக்கொண்டிருந்தபோது அக்கா செருப்பை மாட்டினாள். கருவியையும் பின் உடைந்த வயரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். மெக்கானிக் துளையை அளந்து, வயரில் புதுப் பின்னைப் பற்றவைக்க ஐந்து நிமிஷம் ஆனதாம் (சீட்டில்தான் சொன்னாள்). பிளக் பாயின்ட் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்து, இந்தக் கதையை இதுவரை படித்தாள். பச்சை விளக்கு எரிந்ததும் கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"கதையில நான் வாய் பேசாம கெடக்கற எடந்தான்டா உனக்கு நல்லா வந்திருக்கு."

(இங்கே என் பதில் இருந்தது. அடித்துவிட்டேன்.)

5

வியாழக்கிழமை என்னைக் கூட்டிப் போகவில்லை. அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள். (அ), (ஆ) இரண்டும் பிரிக்காத கவரில் அப்படியே இருக்கின்றன, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மதியம் வந்தவள், திங்கட்கிழமையிலிருந்து கவுன்ட்டர் என்றாள். சாப்பிட உட்கார்ந்தாள்.

துளையின் விட்டம் மூன்றரை மில்லிமீட்டர்.