நீளமான கண்

இலவசப் பிரிவில் கண்ணை அளக்கும் அறைக்கு வெளியே வரிசை வாசல்வரை நின்றது. தரையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, பெஞ்சில் இருந்த தங்கையின் காலருகே குனிந்து, "பயப்படாதடி. இங்க யாருக்கும் தப்பா ஆனதில்ல," என்றாள்.

கல்யாணமான வருடத்திலிருந்து அவள் இந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஆயா. ஆஸ்பத்திரியைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாள் கடத்திக்கொண்டிருந்த தங்கையை இழுத்துவந்ததும் அவள்தான்.

தங்கைக்குச் சிறுவயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஆனால் மூக்குக்கு நேரே பிடித்த எதுவும் அவளுக்குத் தப்பாது. அந்தப் பார்வைதான் பிழைப்பு. டோப்பா செய்யும் பட்டறையில், கொசுவலையைவிட மெல்லிய வலையில், கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போடுவாள். கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு வலையை முகத்தோடு ஒட்டிக்கொள்வாள். "என்னடி, மோந்து பாத்தே முடி கட்டுறியா?" என்று பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்தும் திணறுகிற, டோப்பாவின் நெற்றி ஓரத்தை மேஸ்திரி அவளிடம்தான் கொடுப்பார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அது முந்திக்கொண்டதில், வலையும் முடியும் ஒரே சாம்பலாகிவிட்டது.

உள்ளே, வைக்கப்போகும் லென்ஸின் பவரைக் கணக்கிட, பேனா போன்ற ஒரு கருவியைக் கண்மேல் வைத்துக் கண்ணின் நீளத்தை ஒலியால் அளந்தார்கள். தொடாமல் ஒளியால் அளக்கும் மிஷின் மேல்மாடியில், கட்டணப் பிரிவில் இருந்தது. அதையும் தினம் துடைத்து உறை போடுவது அக்காதான்.

அளக்கிற பெண் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள். "ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் காட்டுது," என்று முணுமுணுத்துவிட்டு, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, அவற்றில் ஒன்றைக் குறித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஆபரேஷனுக்கு அப்புறமும் கிட்டத்துல இப்படியே தெரியுமா? என் வேலை வந்து..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

கூடவே உள்ளே வந்திருந்த அக்கா அவள் தொடையில் கிள்ளினாள். "சும்மா இருடி. கூட வேலை செய்யறவங்க முன்னாடி என் மானத்த வாங்காத."

தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்த மறுநாள், கண்ணாடி இல்லாமலே தங்கை சுவர்க் கடிகாரத்தில் மணி சொன்னாள். முள் கலங்கலாகத்தான் இருந்தது, ஆனாலும் தெரிந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு அவள் திரும்பியபோது, தங்கை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுவந்து, தள்ளி, மறுபடி கொண்டுவந்தாள்.

"அக்கா, ரேகையே தெரியலக்கா. கை முழுக்கப் புகை மாதிரி இருக்கு."

"புதுக் கண்ணுடி. போகப்போகத் தெளியும்."

தெளியவில்லை. அடுத்த மாதம் சோதித்துவிட்டு டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நல்ல மனிதர், ஆயாக்களையும் "வாங்க, போங்க" என்பார்.

"இவங்களுக்கு ரொம்ப நீளமான கண்ணும்மா. பின்சுவர் ஒரு பக்கம் பள்ளமா இறங்கியிருக்கு. அளவு அந்தப் பள்ளத்துல போய் விழுந்திருக்கு. பார்வை இருக்கற இடம் அதுக்கு முன்னாடியே இருக்கு. அதனால, வெச்ச லென்ஸுக்குப் பவர் பத்தல. இவ்வளவு நீளக் கண்ணுக்கு நாங்க போடற கணக்கும் கொஞ்சம் தடுமாறும்."

"அப்ப எடுத்துட்டு வேற வெச்சிடுங்க டாக்டர்."

"இந்த மாதிரி கண்ண மறுபடி திறந்தா விழித்திரை பிய்ஞ்சு போற பயம் இருக்கு. கண்ணாடி எழுதித் தர்றேன்."

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேல இருக்கற மிஷின்ல அளந்திருந்தா?"

அவர் பேனா மூடியைத் திருகினார். "ஓரளவு சரியா வந்திருக்கும்." பிறகு, "இவங்க என்ன வேலை பாக்கறாங்க?" என்றார்.

அக்கா சொன்னாள்.

"அடடா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா கிட்டப்பார்வைய வேணும்னே விட்டு வெச்சிருப்பேனே. யாருமே சொல்லலையா?"

தங்கை அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

கண்ணாடி வந்தது. ஒரு பக்கம் பெரிதாக்கியது, மறுபக்கம் சிறிதாக்கியது. ஒரே முடி தடித்தும் மெலிந்தும் இரண்டாகத் தெரிய, தங்கை வேலைக்கு நடுவே எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். நெற்றி ஓரத்தை மேஸ்திரி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். தங்கையைப் பின்கட்டில் முடி அலச விட்டார். மருந்துத் தண்ணீரில் அவள் விரல் நுனிகள் வெளுத்துத் தோலுரிந்தன.

"இடது கண்ணையும் பண்ணிக்கலாம்டி," என்றாள் அக்கா. "மேல்மாடியிலயே அளக்கச் சொல்றேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வேலைக்குத் தக்க மாதிரி வெப்பாராம்."

"நல்ல மிஷினாவே இருக்கட்டும்க்கா. என்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த ஒரு கண்ணு. இதையும் பந்தயம் கட்டச் சொல்றியா?"

புரை மூடிக்கொண்டு வந்தாலும் அந்தக் கண்ணுக்குக் கிட்டத்தில் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. மேஸ்திரியிடம் கெஞ்சிக் கேட்டு, டோப்பாவின் பின்கழுத்துப் பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டாள். வலது கண் திறந்திருந்தால் அதன் புகை வந்து எல்லாவற்றையும் மறைத்தது.

மறுநாளிலிருந்து தங்கை பட்டறைக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்கு வந்தாள். அக்கா பஞ்சை மடித்து, தங்கையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஆபரேஷன் செய்த கண்ணின் மேல் வைத்து, நோயாளிகளுக்கு ஒட்டுவதுபோல் பக்குவமாகப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"உறுத்துதாடி?"

"இல்லக்கா. ஓரத்துல வெளிச்சம் வருது. இன்னும் நல்லா மூடு."

அக்கா இன்னொரு துண்டு கிழித்தாள்.