எண்பது கிலோ ஆள்

பட்டறையில் அவனை எல்லாரும் எண்பது என்றுதான் கூப்பிட்டார்கள். ஹெல்மெட், நெஞ்சுக்காப்பு, முழங்கால்வரை ஏறும் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு எடைமேடையில் நின்றால் முள் எண்பது கிலோவில் போய் நிற்கும். மலைப்பாதைக்கும் மணல்வெளிக்கும் போகிற பெரிய பைக்குகளை அந்தப் பட்டறை தயார்செய்து கொடுத்தது. எஞ்சினுக்கு அடியில் தகடு, பக்கவாட்டில் கம்பி, பின்னால் அலுமினியப் பெட்டிகள் என்று மாட்ட வேண்டியதை எல்லாம் மாட்டிய பிறகு அவன் கல்மேட்டில் ஓட்டிப் பார்ப்பான். வேண்டுமென்றே கீழே போட்டும் பார்ப்பான். பைக்கைக் கீழே போடுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இவன்தான் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பார்.

ஸ்ப்ரிங் வேலை அவனுடைய அக்காவின் பொறுப்பு. ஆள் ஏறி உட்கார்ந்தால் பைக்கின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளப்பாள். எண்பது உட்கார்ந்தால் எழுபது மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இறக்கம் குறைந்தால் ஸ்ப்ரிங்கைத் தளர்த்துவாள், கூடினால் இறுக்குவாள். அதை வைத்துத்தான் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அளவு போட்டுக் கொடுப்பாள். பட்டறைக்கே அவன் உடம்புதான் படிக்கல்.

அக்கா கறார் பேர்வழி. சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட மூன்று தடவை அளப்பாள் என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அளவு என்று வந்துவிட்டால் கண்ணை நம்பமாட்டாள், டேப்பைத்தான் நம்புவாள். அந்தக் குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஒரு மாதம் டேப் அறுபத்தெட்டு காட்டியது.

"ஸ்ப்ரிங் விறைப்பா வந்திருக்குடா," என்றாள்.

"எறங்கட்டுமா?"

"இரு, அசையாதே." மறுபடி அளந்தாள். அறுபத்தெட்டுதான். அரைச்சுற்று தளர்த்தி எழுபதுக்குக் கொண்டுவந்தாள். தேதி போட்டு நோட்டில் எழுதினாள்.

மறுமாதம் புதிய ஸ்ப்ரிங்கை அதே அளவுக்குத் தளர்த்தி மாட்டியும் மறுபடி இரண்டு குறைந்தது. அதற்கடுத்த மாதம் மூன்று. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள், ஒவ்வொரு தடவையும் ஸ்ப்ரிங் அனுப்புகிறவரைப் போனில் பிடித்துக் காய்ச்சினாள்.

"எங்க சரக்குல குறை இல்லைங்க மேடம். உங்க பக்கம் எதாவது மாறியிருக்கான்னு பாருங்களேன்."

"எங்க பக்கம் எதுவும் மாறல. நீங்க முதல்ல ஒழுங்கா சரக்கு அனுப்புங்க," என்று பட்டென்று வைத்துவிட்டாள்.

அவன் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். அக்கா அவனைப் பார்த்ததெல்லாம் பட்டறையில், அதுவும் அந்தத் தடித்த உடுப்புக்குள். ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது, "என்னடா, கன்னம் ஒட்டிப் போச்சு?" என்று கேட்டாள். "வெயில்ல உருட்டி எடுக்கறீங்களே, பின்ன ஊதவா செய்யும்?" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு டேப்பைச் சுருட்டினாள்.

நாலாவது மாதம் ஒரு வாடிக்கையாளர் பைக்கைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்தார். அடித்தகடு நசுங்கி எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்தது. "சின்னச் சின்னக் கல்லுக்கெல்லாம் தட்டுதுங்க. பின்னாடி தொளதொளன்னு இருக்கு," என்றார். போன வாரம் இன்னொருவரும் இதையேதான் சொன்னார் என்ற முதலாளியின் முகம் கறுத்தது.

அன்றைக்கு எண்பது வரத் தாமதமாயிற்று. அக்கா மணல்மூட்டைகளை எண்பது கிலோவுக்கு நிறுத்து, சோதனை பைக்கின் இருக்கையில் கட்டி அளந்தாள். எழுபத்தேழு இறங்கியிருந்தது. மூட்டைகளை அவிழ்த்து மறுபடி நிறுத்தாள். சரியாக எண்பது கிலோ இருந்தது. ஸ்ப்ரிங்கில் விறைப்பே இல்லை, அவள்தான் மாதாமாதம் அதிகமாகத் தளர்த்தியிருந்தாள்.

அவன் வந்ததும் எடைமேடையைக் காட்டினாள்.

"ஏறு."

"எதுக்குக்கா? என் எடை ஊருக்கே தெரியுமே."

"ஏறுடான்னா ஏறு."

ஹெல்மெட், பூட்ஸ், காப்பு எல்லாவற்றோடும் ஏறினான். முள் அறுபத்தைந்தில் நின்றது. எடைமேடை பழுதாகிவிட்டதென்று சொல்ல வாயெடுத்தாள். மூட்டைகளை அதே மேடையில்தான் நிறுத்திருந்தாள்.

மருத்துவமனையில் ஒரு வாரம் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசி நாள் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் அவளை மட்டும் கூப்பிட்டார்.

"எப்பலேர்ந்து எடை குறையுதுன்னு தம்பியைக் கேட்டா, ஒரு மாசம் இருக்கும்ங்கிறார். உங்களுக்கு எதாவது ஞாபகம் இருக்கா?"

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நாலு மாதம், தேதி வாரியாக, மில்லிமீட்டரில் இருந்தது. எது எதனால் என்று விளக்கிச் சொன்னாள். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார்.

"இவ்வளவு துல்லியமா யாரும் எழுதிவெச்சு நான் பார்த்ததில்லைம்மா." முதல் தேதியில் விரலை வைத்தார். "இந்தச் சமயத்துல கூட்டிட்டு வந்திருந்தா கட்டியை வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. வலி தெரியாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான்."

அவள் வெளியே வந்தபோது அவன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாதாரணச் சட்டை. தோள்பட்டை எலும்பு துணிக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது. இதை அளக்க டேப் எதற்கு என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

"அந்த ஸ்ப்ரிங்காரருக்கு ஒரு போன் போட்டுடுக்கா. பாவம், நாலு மாசமா உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து போன் போட்டாள். அந்த மனிதர் எடுத்தவுடனே பயந்த குரலில், "சொல்லுங்க மேடம், இந்த மாசம் எவ்வளவு குறையுது?" என்று கேட்டார்.

"ஸ்ப்ரிங் நல்லா இருக்குங்க," என்றாள்.