வெடிக்குழி, ஏழு இதழ்கள், ஒரே பைண்டிங்

என்னிடம் காமிக்ஸ் பார்க்க வருகிறவர்கள் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. போனில் படம் பிடிக்கிறேன் என்று புத்தகத்தை மல்லாத்தி முதுகை முறிக்கக் கூடாது. மீறினால் வாசலைக் காட்டிவிடுவேன். போன வருஷம் ஒரு பேராசிரியருக்கே காட்டினேன். மதுரை ஞானஒளிவுபுரத்தில் லாசர் என்று கேட்டால் யோசிப்பார்கள், சிடுமூஞ்சி சார் என்று கேட்டால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்குச் சிரித்துப் பழக நேரம் வாய்க்கவில்லை.

கடையில் விற்ற காமிக்ஸை ஊரில் நூறு பேர் சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பது கடைக்கே வராதவற்றை. எவனோ ஸ்டென்சிலில் கீறி, ரோனியோ மெஷினில் உருட்டி, பேர் போடாமல் கைக்குக் கை விட்டு, பத்துப் பேர் படித்ததும் காணாமல் போனவை. ஒரு குருமட மாணவன் தன் ரெக்டர் பாதிரியாரை ஆட்டுக்கிடாவாக வரைந்த எட்டுப் பக்கம் என்னிடம் இருக்கிறது. அதற்காக அவனை வெளியே அனுப்பினார்கள் என்று கேள்வி. இப்படி இருநூற்றுச் சொச்சம். எல்லாவற்றுக்கும் தலை 'வெடிக்குழி'தான்.

தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழில் மேலூர்ப் பக்கம் உலவியது. ஏழு இதழ்கள். கல் குவாரி ஒன்றில் வெடி வைக்கிற ஒருவன்தான் கதாநாயகன். எந்தக் கட்டத்திலும் அவன் முகம் தெரியாது, துண்டைக் கட்டியிருப்பான் அல்லது முதுகைக் காட்டி நிற்பான். குழிக்குள் செத்து, கணக்கில் வராமல் போன ஆட்களை ஒவ்வொரு இதழிலும் ஒருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு முதலாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பான். அவ்வளவுதான் கதை. நான் அதைப் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலூர் பழைய பேப்பர் கடையில், நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில் ஏழும் மொத்தமாகக் கிடைத்தன. அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே மதுரை வந்தேன். உட்காரத் தோன்றவில்லை. அந்த வாரமே பைண்டிங்குக்குக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரன் ஒவ்வொரு இதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பானாம். நம் ஆட்களுக்கு பைண்டிங்தான். காலிகோ துணியில் முதுகு, மூன்று பக்கமும் ஓரம் சீவிய கட்டிங், மேலே தங்க எழுத்து. அப்படிச் செய்தால்தான் புத்தகம் பிழைத்தது என்று நமக்கு மனசு ஆறும்.

சித்திரை மாசத்தில் யூடியூப் சேனல்காரர்கள் வந்து என்னைப் பேட்டி எடுத்தார்கள். வெடிக்குழியின் அட்டையையும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஆடியில் ஒரு பெண் வந்தாள். சரண்யாதேவி. இருபத்தெட்டு வயதிருக்கும், மேலூரில் மருந்துக்கடையில் வேலை. உள்ளே வந்ததும் கேட்காமலேயே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

"வீடியோவுல சொன்னீங்களே சார்" என்றாள்.

அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

"இத வரைஞ்சது எங்கப்பா சார். மலையாண்டின்னு பேரு."

இருபத்திரண்டு வருஷமாக நானும் என்னைப் போன்ற நாலைந்து கிறுக்கர்களும் தேடிக்கொண்டிருந்த பெயர். நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அவளும் பொறுமையாகச் சொன்னாள். அப்பா குவாரியில் வேலை பார்த்தவர். முதல் இதழ் வந்ததுமே யார் வரைந்தது என்று முதலாளியின் ஆட்களுக்குத் தெரிந்துபோயிற்று. சோழவந்தானில் ஒரு கொடிக்காலில் போய் ஒளிந்துகொண்டு, வெற்றிலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே மீதி ஆறையும் வரைந்திருக்கிறார். மேலூர்ச் சந்தைக்கு வருகிற வெற்றிலைக் கட்டுக்குள் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவர் ஓடிப்போனபோது அம்மா மூன்று மாசம். பிள்ளை பிறந்து நாலாம் மாசம், கொடிக்காலில் பாம்பு கடித்து இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது. பிள்ளையை அவர் பார்க்கவேயில்லை.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலால் ஓரத்தை மட்டும் தடவிக்கொண்டு போனாள்.

"ஓரமெல்லாம் படத்த இம்புட்டு ஒட்டி இருக்கே சார். மொதல்லயே இப்படித்தான் இருந்துச்சா?"

"ஏன் கேக்குற?"

"வெத்தலக் கட்டுல ஒரு புத்தகம் தனியா அம்மாவுக்கு வருமாம். அதுல மட்டும் ஓரத்துல பென்சில்ல எழுதி அனுப்புவாராம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. யார்ட்டயாவது காட்டுனா அவரு இருக்குற எடம் வெளிய தெரிஞ்சுருமோன்னு பயம். நானே வந்து வாசிச்சுக் காட்டுறேன்னு சொல்லி அனுப்பியிருந்தாராம். அவருதான் வரலையே. சரி, புள்ள வளந்து வாசிக்கட்டும்னு பெட்டியில வச்சிருந்துச்சு. நான் ஒண்ணாப்பு போன வருசம் வீட்டப் பிரிச்சு ஓடு மாத்துனாங்க. மாமா பெட்டியோட எடைக்குப் போட்டுட்டாரு."

நோட்டை மூடி வைத்தேன்.

"அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு சார். வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஒங்க வீடியோவ நான் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன். அட்டையக் கண்டதும் அம்மா எந்திரிச்சு ஒக்காந்துருச்சு. போயி வாசிச்சுட்டு வாடி, எனக்கு வந்து சொல்லுன்னுச்சு. அதான் லீவு போட்டு வந்தேன்."

பைண்டர் அன்றைக்கு மேல்மாசி வீதிக் கடையில் வைத்து என்னிடம் கேட்டான். இன்று வரை காதில் நிற்கிறது. "ஓரத்துல என்னமோ எழுதியிருக்கே சார், கட்டிங்ல போயிருமே, பரவாயில்லையா?" அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எவனோ கிறுக்கி வச்சிருக்கான்யா. அரை அங்குலம் உள்ள போயி வெட்டு. சுத்தமா இருக்கணும்."

அச்சகத்தின் விலாசம் முதற்கொண்டு விடாமல் படிக்கிறவன் நான். அந்தப் பென்சில் எழுத்தில் ஒரு வரியைப் படிக்கவில்லை. புத்தகத்தில் எவன் கிறுக்கியிருந்தாலும் எனக்கு ஆகாது. கண்டால் கோபம் வரும், கோபம் வந்தால் கண் தெரியாது.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "இது வேற பிரதியா இருக்கும்மா. இதுல எழுத்து எதுவும் இல்ல."

பள்ளிக்கூடத்தில் ஒரு ரூபாய் பொய்க் கணக்கு எழுதாதவன். வாய் கூசாமல் வந்தது.

அவள் புத்தகத்தை மெதுவாக மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். "பரவாயில்ல சார். படத்தையாவது பாத்தேன். போயிட்டு வாரேன்" என்றாள். போன் நம்பரை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனாள். படத்தை அவள் எங்கே பார்த்தாள்?

அவள் போன பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். கத்தி எங்காவது கோணலாகப் போயிருக்காதா, ஒரு சுழியாவது தப்பியிருக்காதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். பைண்டர் கைகாரன். நூல் பிடித்த மாதிரி வெட்டியிருந்தான்.

நாலாம் இதழில் ஒன்பதாம் பக்கம். கீழ் மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது. மடிந்த மூலையை நிமிர்த்தினால் படிந்த தாள் உடைந்துவிடும் என்று நான் அதைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு நிமிர்த்தினேன். மற்ற தாள்களைத் தாண்டி இரண்டு விரற்கடை அளவுக்கு ஒரு முக்கோணம் வெளியே நீட்டியது. மடிந்து உள்ளே கிடந்ததால் கத்திக்குத் தப்பிய மூலை அது. கீழ் ஓரம் முழுக்க ஓடி வந்த வரியின் கடைசி மட்டும் அதில் இருந்தது. பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து.

'பொண்ணாப் பெறந்தா பேரு'

மூன்று சொல். அதோடு அந்தப் பக்கம் முடிகிறது. பெயரை அடுத்த பக்கத்து மேல் ஓரத்தில்தான் எழுதியிருக்க வேண்டும். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஓரம் சுத்தமாக இருந்தது, நான் கேட்ட மாதிரியே.

மேசையில் தலையை வைத்து அழுதேன். என் மனைவி செத்தபோது கூட அப்படி அழவில்லை. அவளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்திருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். புத்தகத்தை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ஒத்தக்கடை தாண்டுவதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. மூலையைக் காட்டி, பொண்ணாப் பெறந்தா பேரு சரண்யாதேவி என்று வாசித்துவிட்டால் என்ன? சாகப்போகிற உயிர், நிம்மதியாகப் போகட்டும். அந்தப் பெண்ணிடம் தனியாக உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துகொள்ளலாம். மேலூரில் இறங்கும்போது மனசு கொஞ்சம் லேசாகக் கூட இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கட்டிலில் ஜெயக்கொடி அம்மாள் சாய்ந்திருந்தார். கை முழுக்க ஊசித் தழும்பு. முகம் ஊதியிருந்தது. நான் துணியைப் பிரிப்பதற்குள் கையை நீட்டினார்.

"குடுங்கண்ணே."

கொடுத்தேன். வாங்கியவர் திறக்கவில்லை. பக்கங்களின் வெட்டு விளிம்பை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினார்.

"ஓரம் எங்கண்ணே?"

படிக்கத் தெரியாதவருக்கு ஒரே தடவலில் தெரிந்துவிட்டது. சரண்யாதேவி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாந்தாம்மா வெட்டச் சொன்னேன்" என்றேன். "நேத்து ஒங்க மககிட்ட பொய் சொல்லிட்டேன். இது ஒங்க புத்தகந்தான்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயக்கொடி அம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"வெட்டுறப்ப ஒரு எழுத்தாவது வாசிச்சீகளா?"

"இல்லம்மா."

"ஒத்த எழுத்து?"

"கிறுக்கல்னு நெனச்சேம்மா. பாக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமும் அவருக்குத் தெரிந்திருந்தது, எந்தப் படத்துக்குப் பின்னால் எந்தப் படம் என்று. நாலாம் இதழில் விரல் தானாக நின்றது.

"இந்த மூலை நான் மடிச்சது. இந்தப் புத்தகம் வந்த அன்னிக்குத்தான் இவ மொதமொத வயித்துல ஒதச்சா. அவரு வந்தா காட்டணும்னு அடையாளத்துக்கு மடிச்சேன்." மூலையை நிமிர்த்தியவர் எழுத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல இருக்கே. இதுல இருக்குடி. வாசி, வாசி."

இந்த இடத்தில்தான் என் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் மகள் குனிந்து வாசித்துவிட்டாள்.

"பொண்ணாப் பெறந்தா பேரு."

"பேரு?"

"அம்புட்டுத்தாம்மா இருக்கு."

"சரண்யாதேவின்னு இருக்கும்மா" என்றேன் நான். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

ஜெயக்கொடி அம்மாள் என்னைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில்.

"அது பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா வச்ச பேருண்ணே. என்ன பேரு எழுதணும்னு அவசரமாக் கேட்டாக. எனக்கு ஒண்ணும் தோணல, அப்பா வரட்டும்னேன். அதெல்லாம் முடியாதுன்னு அவுகளே எழுதிட்டாக. அவரு சொல்லி விட்டிருக்காரு. கையிலதான் வச்சிருந்திருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க ஒரு நாள்ல வெட்டுனீக. நான் ஆறு வருசம் பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தேன். டீச்சரம்மா ஒருத்தி பக்கத்து வீட்டுலயே இருந்தா. ஒரு வார்த்த காட்டியிருந்தா வாசிச்சிருப்பா."

பீரோவில் பூட்டி வைத்து, கையைக் கழுவ வைத்து, இருபத்திரண்டு வருஷம் நான் காப்பாற்றியது எதை என்று எனக்கே தெரியவில்லை. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"இன்னொரு தடவ வாசிடி" என்றார் ஜெயக்கொடி அம்மாள்.

"பொண்ணாப் பெறந்தா பேரு" என்று வாசித்தாள் மகள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மகளும் வாசித்த இடத்திலேயே விரலை வைத்தபடி இருந்தாள். வெளியே மதுரை பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னொரு தடவ" என்றார்.