இருபது கோடுகள்

பாட்டிலில் கோடு போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. முதுகுவலிக்கு இஷ்டத்துக்கு மாத்திரை முழுங்கி, உகாதி சமயத்தில் இரைப்பையில் புண் வந்தது. டாக்டர் ரோஸ் கலரில் ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். புண்ணின் மேல் பூச்சு மாதிரி படிந்து, ஆசிட் படாமல் காக்குமாம். காலையும் ராத்திரியும் வெறும் வயிற்றில் பத்து மில்லி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு.

என் மனைவி கனகம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக் கொடுப்பாள். அந்த ஒரு மணி நேரம் அவளும் பட்டினிதான். நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி. நீ சாப்பிடேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இருநூறு மில்லி பாட்டில் பத்து நாள் வர வேண்டும். ஒரு பாட்டில் ஏழாம் நாளே காலி. அடுத்ததும் அப்படியே.

"என்னடி, மருந்து ஊத்துறியா, மோரு ஊத்துறியா?"

"மூடியில அளவு பாத்துதாங்க ஊத்தறேன்."

"அப்ப மிச்சத்த பல்லியா குடிச்சுது?"

அவள் குக்கரை இறக்கி வைத்தாள். நான் அடுத்த பாட்டிலில் நீளமாகப் பிளாஸ்திரி ஒட்டி, ஸ்கேல் வைத்து இருபது கோடு போட்டேன். வேளைக்கு ஒரு கோடு. சொல்லி வைத்தாற்போல் பத்து நாள் வந்தது. மகள் தாரிணிக்குப் போன் போட்டு என் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரித்தேன். கனகமும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

தனக்கும் வயிறு எரிகிறது என்று அவள் ஒரு தடவை சொன்னது உண்மை. நான் லாலாகுடா ரயில்வே காலனியில் வளர்ந்தவன். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்கிற அந்த உருதுப் பேச்சு நாக்கை விட்டுப் போகாது. "ஆவக்காய் நக்கோ. உனக்கென்ன, கல்லத் தின்னாலும் செரிக்கிற வயிறு" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினேனா என்பதுகூட நினைவில்லை. பாவி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மருந்து குடித்துவிட்டு டிபனுக்காகக் காத்திருந்தபோது சமையலறையில் பாத்திரம் உருண்டது. கனகம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாந்தி காப்பித்தூள் நிறத்தில் புடவையெல்லாம். "ஒண்ணுமில்ல. உங்க டிபனுக்கு நேரமாயிடுச்சே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தக் கசிவை நிறுத்தி, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாதாப்பூரிலிருந்து தாரிணி ஓடி வந்தாள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் என்னிடம் கேட்டார். வலியெல்லாம் இல்லையே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலிலிருந்து, "மூடு நெலலு, சார்" என்று தெலுங்கில் சொன்னாள் கனகம். மூன்று மாசம்.

எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டார். இவருடைய சிரப்பில் கொஞ்சம் கொஞ்சம் குடிப்பேன், எரிச்சல் அடங்கும் என்று தெலுங்கிலேயே சொன்னாள். பிறகு ஏன் விட்டீர்கள் என்றதற்கு, கோடு போட்டுவிட்டார் என்றாள். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாரிணிக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். "ஓ காட், டாடி" என்றாள்.

டாக்டர் போன பிறகு நான் வெட்கமில்லாமல் கேட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உனக்கும் வாங்கித் தந்திருக்க மாட்டேனா?"

"சொன்னேனே. ஆவக்காய் நக்கோன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தெரியும் என்கிறார்கள். எதற்கான பரிசோதனை என்று அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இன்று காலை வாய் வழியாக மருந்து கொடுக்கலாம் என்றார்கள். கீழே போய் அதே சிரப் வாங்கி வந்தேன். சீட்டில் முதல் தடவையாக அவள் பெயர். மூடி நிறைய ஊற்றி நீட்டினேன். அவள் மூடியை வாங்கும் முன் பாட்டிலை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் பக்கவாட்டில் மேலும் கீழும் தடவியது.

"கோடு போடலியா?"

"இல்லம்மா. இது உன்னோடது. முழுசா குடி."

தலையாட்டினாள். பாதி குடித்தாள். மீதியை, ஊசி குத்தியிருந்த கையாலேயே, திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றினாள்.

"பத்து நாள் வரணும்ல" என்றாள்.

பாட்டிலின் வாயோரம் தப்பிய ஒரு சொட்டு வெளிப்பக்கமாக, ரோஸ் கலரில், மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.